வறட்டு இருமலுக்கு அதிமதுரம்: ஒரு வல்லுநர் அமைப்பு சறுக்கிய இடங்கள்

மூலிகை சொல்லும் வல்லுநர் அமைப்பு ஒன்றை, அதாவது விதிகளை வைத்து வல்லுநர்போல ஆலோசனை சொல்லும் கணினி நிரலைக் கட்டுவது பெரிய காரியமில்லை. அறிகுறிகளை ஒரு பக்கம், மூலிகைகளை மறுபக்கம் எழுதி, நடுவில் ஐம்பது அறுபது விதிகளைப் போட்டால் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரிய வேலை. அந்த வேலை எங்கெங்கே தவறுகிறது என்பதை ஒரே ஒரு வழக்கை வைத்து, விதி விதியாகக் கீழே பிரித்துப் பார்க்கலாம்.

இது உண்மையான ஒருவரின் நோய்க்குறிப்பு அல்ல. இத்தகைய அமைப்புகளைச் சோதிப்பதற்கென்றே அமைத்த மாதிரி வழக்கு. விதி எண்களும் அவற்றுக்குத் தந்த மதிப்புகளும் மாதிரிக்கானவை. மருந்துகள், மூலிகைகள் பற்றிய விவரங்கள் அப்படியல்ல. அவை நடைமுறையில் உள்ளவை.

வழக்கு

பயனர் பதிந்தவை:

வயது 58, பெண்.
வறட்டு இருமல், 4 வாரமாக. தொண்டையில் அரிப்பு. சளி இல்லை, காய்ச்சல் இல்லை.
பிரஷர் உண்டு.
மருந்து: காலையில் ஒரு பிரஷர் மாத்திரை. பெயர் தெரியாது.

அமைப்பு தந்த பதில்:

அதிமதுரம், உறுதி 0.6. வேர்த்தூள் 5 கிராம், தேனில் குழைத்து இருவேளை. இருமல் நிற்கும்வரை தொடரலாம்.

பயனர் பெயர் தெரியாது என்று விட்ட மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன: எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு. இரண்டு மாதத்துக்கு முன்தான் அதைத் தொடங்கினார். இது அமைப்புக்குத் தெரியாது. வழக்கை அமைத்தவருக்குத் தெரியும்.

எனலாப்ரில், ஏ.சி.இ. என்ற நொதியைத் தடுத்துப் பிரஷரைக் குறைக்கும் ஏ.சி.இ. தடுப்பான் வகையைச் சேர்ந்தது. இந்த வகை மருந்துகளுக்கு நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு ஒன்று உண்டு: சளியில்லாத, தொண்டையை அரிக்கிற வறட்டு இருமல். பிராடிகைனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் நொதியையே மருந்து தடுத்துவிடுவதால் அவை மூச்சுப்பாதையில் தேங்குகின்றன. இருமலைத் தூண்டும் நரம்புகள் கூர்மையாகின்றன. சிலருக்கு முதல் வாரத்திலேயே வரும், சிலருக்கு மாதங்கள் கழித்து வரும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்துக்குள் போய்விடும். சிலருக்கு 3 மாதம்வரை இழுக்கும்.

அதிமதுரத்தின் கதை வேறு. அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசரைசின் உடலில் கிளிசரெட்டினிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. செயலிழக்காத கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்யத் தொடங்குகிறது. உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை; தயசைடு வகை. அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டும் சேரும்போது தசைத் தளர்ச்சி, கால் வீக்கம், இதயத் துடிப்பு தடம்புரள்வது வரை போகலாம். எனலாப்ரில் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றும் என்பதால் சரிவு கொஞ்ச நாள் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

ஆக, மாத்திரையால் வந்த இருமலுக்கு, அந்த மாத்திரை எதைக் குறைக்கத் தரப்பட்டதோ அதையே ஏற்றிவிடும் மூலிகையை அமைப்பு கொடுத்திருக்கிறது. அதுவும் ‘இருமல் நிற்கும்வரை’. மாத்திரை தொடரும்வரை இந்த இருமல் நிற்கப் போவதில்லை. காலவரையற்ற பரிந்துரை என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எந்த விதிகள் இயங்கின

பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் நான்கு விதிகள் பொருந்தியிருக்கின்றன.

விதி 14: வறட்டு இருமல் இருந்து சளி இல்லையெனில், அதிமதுரம் +0.6
விதி 17: தொண்டை அரிப்பு இருந்தால், அதிமதுரம் +0.5
விதி 22: உயர் ரத்த அழுத்தம் இருந்தால், அதிமதுரம் −0.5
விதி 31: நீர் மாத்திரை இல்லையெனில், ‘மருந்துத் தடை இல்லை’ எனக் குறி

இயங்கியிருக்க வேண்டியது, ஆனால் இயங்காதது ஒன்று:

விதி 23: தயசைடு எடுத்தால், அதிமதுரம் −0.8

இந்த எண்களைக் கூட்டும் முறை மைசினிலிருந்து வந்தது. ரத்தத்தில் பரவும் தொற்றுக்கும் மூளையுறைக் காய்ச்சலுக்கும் எந்த நுண்ணுயிர்க்கொல்லியைத் தரலாம் என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்ல, 1970களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட அமைப்பு அது. ஒவ்வொரு விதிக்கும் −1 முதல் +1 வரை ஓர் உறுதிக் காரணி. இரண்டு நேர்மறை எண்கள் சேரும்போது, முதலாவதோடு மீதியிருக்கும் இடைவெளியில் இரண்டாவதன் பங்கைக் கூட்ட வேண்டும்:

0.6 + 0.5 × (1 − 0.6) = 0.8

நேரும் எதிரும் மோதும்போது இரண்டையும் கூட்டி, 1-இலிருந்து இரண்டில் சிறிய அளவைக் கழித்துக் கிடைப்பதால் வகுக்க வேண்டும்:

(0.8 − 0.5) ÷ (1 − 0.5) = 0.6

மைசினில் 0.2-ஐத் தாண்டினால்தான் ஒரு கூற்று கணக்கில் எடுக்கப்படும். மாதிரி அமைப்பும் அதே வாசலை வைத்திருந்தது. 0.6 தாராளமாகத் தாண்டுகிறது. கணக்கில் பிழையே இல்லை, ஆபத்து அங்கேதான்.

தடையைக் கூட்டலில் சேர்த்தது

விதி 23 இயங்கியிருந்தால் காப்பாற்றியிருக்குமா? இந்த வழக்கில் ஆம். −0.5, −0.8 இரண்டும் சேர்ந்து −0.9 ஆகும். +0.8-ஐ அதனோடு மோதவிட்டால் −0.1 ÷ 0.2, அதாவது −0.5. அதிமதுரம் விழுந்துவிடும்.

ஆனால் அதே பெண்ணுக்குக் குரல் கம்மியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதற்கென்று அதிமதுரத்துக்கு +0.6 தரும் இன்னொரு விதி இருக்கிறது. ஆதரவு 0.92 ஆகிவிடும். (0.92 − 0.9) ÷ (1 − 0.9) = 0.2. மூலிகை வாசற்படிக்கு வந்துவிட்டது. இரவில் இருமல் அதிகம் என்று +0.3 தரும் மற்றொரு விதியும் சேரட்டும்: ஆதரவு 0.944, விடை 0.44. உள்ளே நுழைந்துவிட்டது. தடை அப்படியே இருக்கிறது, மாத்திரை அப்படியே இருக்கிறது, அறிகுறி மட்டும் இரண்டு கூடியிருக்கிறது. தொல்லை கூடக்கூடத் தடை கரைகிறது என்றால் அந்த அமைப்பை வெளியே விடக் கூடாது.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தக் கூட்டல் முறை ஒவ்வொரு விதியும் தனித்த சான்று என்று எடுத்துக்கொள்கிறது. வறட்டு இருமல், தொண்டை அரிப்பு, குரல் கம்மல், இரவு இருமல் நான்கும் எரிச்சலுற்ற ஒரே தொண்டையின் நான்கு முகங்கள். ஒரே சாட்சியை நான்கு முறை கூண்டில் ஏற்றி நான்கு சாட்சிகள் என்று எண்ணுவதுபோல ஆகிறது. மூலிகை அறிவுத்தளங்களில் இது அடிக்கடி நேரும். ஒரே குறியை ஐந்து விதமாகச் சொல்லும் பழைய பட்டியல்களிலிருந்து ஐந்து விதிகள் எழுதிவிடுகிறார்கள்.

தடைக்கு −1 கொடுத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். (0.8 − 1) ÷ (1 − 0.8) சரியாக −1 தரும், மூலிகை விழும். ஆனால் எங்கேயாவது ஒரு விதி +1 தந்துவிட்டால் வகுக்கும் எண் பூஜ்யமாகிக் கணக்கே உடைந்துவிடும். அதைவிட முக்கியம், −1 என்பது மூலிகையைப் பட்டியலின் அடியில் தள்ளுமே தவிர ஏன் தள்ளியது என்று பயனரிடம் சொல்லாது. காரணம் தெரியாதவர் வேறெங்காவது படித்துவிட்டு அதையே வாங்கிப் போட்டுக்கொள்வார்.

மைசினில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஒரு விதி உண்டு: 8 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டெட்ராசைக்ளின் வேண்டாம். விதி அவ்வளவுதான். அந்த மருந்து வளரும் எலும்பிலும் பல்லிலும் படிந்து பல்லை நிறம் மாற்றிவிடும் என்ற காரணம் விதிக்குள் இல்லை. எதிரே இருந்தவர் மருத்துவர் என்பதால் பரவாயில்லை; அவருக்குக் காரணம் தெரியும், உயிர் போகும் நிலையில் விதியை மீறவும் தெரியும். சுயபராமரிப்பு அமைப்பின் எதிரே இருப்பவருக்கு அந்த இரண்டும் கிடையாது. மருத்துவர் படிக்கும் பதிலுக்கென்று உருவான எண்கணக்கை, இடையில் வடிகட்ட யாருமில்லாத இடத்துக்கு அப்படியே தூக்கிவந்ததுதான் முதல் தவறு.

‘தெரியாது’ என்பது ‘இல்லை’ ஆனது

விதி 31-ஐ மறுபடி பாருங்கள். ‘நீர் மாத்திரை இல்லையெனில்’ என்கிறது. பயனர் இல்லை என்று சொல்லவே இல்லை. பெயர் தெரியாது என்றார்.

விதி மொழிகளில் பெரும்பாலானவற்றில் ‘இல்லை’ என்ற நிபந்தனைக்கு ‘அப்படியொரு தகவல் நினைவகத்தில் பதிவாகவில்லை’ என்பதே பொருள். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1980களில் உருவான கிளிப்ஸ் இன்றும் பலர் எடுக்கும் கருவி; அதிலும் அப்படித்தான். கேட்காத கேள்வி, தவிர்த்த கேள்வி, தெரியாது என்ற பதில் மூன்றுமே நினைவகத்தில் ஒன்றையும் வைப்பதில்லை. மூன்றுக்கும் விதி 31 மகிழ்ச்சியாகப் பொருந்தும். கருவியின் மேல் குற்றமில்லை, ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. கிடங்கில் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் அமைப்புக்கு இது சரி. உடலில் என்ன மருந்து ஓடுகிறது என்று பார்ப்பதற்குச் சரிவராது.

பாதுகாப்பைத் தொடும் ஒவ்வொரு தகவலுக்கும் நான்கு மதிப்புகள் வேண்டும்: ஆம், இல்லை, தெரியாது, கேட்கவில்லை. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் ‘கேட்கவில்லை’ என்று நினைவகத்தில் வைத்துவிட வேண்டும். தடை நீங்கியது என்று சொல்லும் விதி ‘இல்லை’ என்ற வெளிப்படையான பதிலுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். ‘கேட்கவில்லை’ என்றால் கேள்வியைப் போடு. ‘தெரியாது’ என்றால் ‘ஆம்’ போலவே நடத்து. கர்ப்பம் பற்றிய கேள்விக்கும் இதே ஒழுங்கு. ஆடாதோடையில் உள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. ‘இருக்கலாம், இன்னும் பார்க்கவில்லை’ என்பவருக்கும் அதைச் சொல்லக் கூடாது.

இப்படிச் செய்தால் ‘தெரியாது’ என்பவர்களுக்கு எதுவுமே மிஞ்சாதே என்ற முறையீடு வரும். ஓரளவு உண்மைதான். அதற்காகக் கேள்வியை எளிதாக்கலாமே தவிரப் பதிலைத் தளர்த்தக் கூடாது. ‘நீங்கள் ஏ.சி.இ. தடுப்பான் எடுக்கிறீர்களா?’ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘மாத்திரை அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் ப்ரில் என்று முடியும் சொல் இருக்கிறதா?’ என்று கேட்டால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துச் சொல்வார்கள். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் எல்லாம் அந்த வாலில்தான் முடிகின்றன. நீர் மாத்திரைக்கு இந்தத் தந்திரம் முழுதாக உதவாது. ஹைட்ரோகுளோரோதயசைடு ‘தயசைடு’ என்று முடியும். அதே வேலையைச் செய்யும் குளோர்தாலிடோனும் இண்டபமைடும் அப்படி முடிவதில்லை. அவற்றைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

கலவை மாத்திரை

பயனர் பெயரைச் சரியாகத் தந்திருந்தாலும் இந்த அமைப்பு தவறியிருக்கும். அதன் மருந்து அட்டவணை, மருந்துகளுக்குக் குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.டி.சி. வகைப்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. அதில் எனலாப்ரில் தனியாக இருந்தால் சி09ஏ கிளையில் வரும். தயசைடு தனியாக இருந்தால் சி03 கிளை. இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால் சி09பி என்ற மூன்றாவது கிளைக்குப் போய்விடும். விதி 23 சி03-ஐ மட்டும் தேடுகிறது. மருந்தால் வரும் இருமலுக்கென்று ஒரு விதி எழுதி அது சி09ஏ-வை மட்டும் தேடினாலும் இதே கதி. பயனர் இரண்டு மருந்தையும் விழுங்குகிறார். இரண்டு விதிகளும் அவரைப் பார்ப்பதில்லை.

குறியீட்டை வைத்து விதி எழுதாமல், உள்ளிருக்கும் மூலப்பொருளை வைத்து எழுதுவதுதான் தீர்வு. மாத்திரை பதிவானதும் முதல் வேலையாக அது மூலப்பொருள்களாக உடைய வேண்டும். ஒவ்வொரு பொருளும் தன் பண்புகளை நினைவகத்தில் வைக்க வேண்டும். எனலாப்ரில்: ‘இருமல் தரும்’, ‘பொட்டாசியம் ஏற்றும்’. ஹைட்ரோகுளோரோதயசைடு: ‘பொட்டாசியம் இறக்கும்’. தடை விதி பண்போடு பேசட்டும்: பொட்டாசியம் இறக்கும் எதையாவது எடுப்பவருக்கு, பொட்டாசியம் இறக்கும் மூலிகை கிடையாது. இப்படி எழுதினால் அதிமதுரத்துக்கு ஒன்று, மலமிளக்கியான நிலாவரைக்கு ஒன்று என்று தனித்தனி விதிகள் தேவையில்லை. நாளை புதிய நீர் மாத்திரை வந்தாலும் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மூலிகைப் பக்கமும் இதே கண்டிப்பு வேண்டும். பெயரை நம்பி எழுதிய விதியால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது போதும். எடை குறைப்பு மாத்திரையில் ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா சேர்க்கப்பட வேண்டிய இடத்தில், ஏறக்குறைய அதே சீனப் பெயரில் வழங்கும் அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. அறிவுத்தளத்தில் மூலிகைக்கு அடையாளம் தாவரவியல் இனப்பெயர். வழக்குப் பெயர் அதற்குப் போகும் வழி மட்டுமே. ஒரு வழக்குப் பெயர் இரண்டு இனங்களுக்குப் போனால் அமைப்பு தானாகத் தேர்ந்துகொள்ளக் கூடாது.

நான்கு வாரம், ஐந்து கிராம்

காலவரம்பு பற்றி ஒரு விதி இந்த அமைப்பில் இருக்கத்தான் செய்தது: இருமல் 8 வாரத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் அனுப்பு. அந்த 8 வாரம், பெரியவர்களின் இருமலை நாள்பட்டது என்று வகைப்படுத்த மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. யாரும் பார்க்காமல் வீட்டிலேயே சமாளிக்கலாம் என்பதற்கான எல்லை அல்ல. காசநோய்ப் பரிசோதனைக்கு 2 வார இருமலே போதுமான காரணம். சுயபராமரிப்புக்கு 3 வாரத்துக்கு மேல் போகக் கூடாது. காசநோய் பரவலாக உள்ள இடமென்றால் 2 வாரம். நூலில் உள்ள எண்ணை எடுக்கும்போது அது யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்காமல் எடுப்பதால் வரும் பிழை இது.

அளவு இன்னும் மோசம். ஐரோப்பிய மருந்துநூல், அதிமதுர வேரில் குறைந்தது 4 சதவீதம் கிளிசரைசிக் அமிலம் (கிளிசரைசின்) இருக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு சொன்ன வரம்பு. 5 கிராம் இருவேளை என்றால் 10 கிராம் தூள்; 4 சதவீதமே இருந்தாலும் 400 மில்லிகிராம். வேருக்கு வேர் இந்த அளவு பல மடங்கு மாறும். கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டினால் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். தூளாக விழுங்கினால் முழுவதும் உள்ளே போகும். கிளிசரைசின் நீக்கிய அதிமதுரச் சாறும் கடைகளில் கிடைக்கிறது. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எனவே ‘அதிமதுரம் 5 கிராம்’ என்பது அளவே அல்ல. இனம், பாகம், தயாரிப்பு வடிவம், ஒரு வேளை, ஒரு நாள், அதிகபட்ச நாள்கள் என்ற ஆறும் நிரம்பாத பதிவைப் பரிந்துரைப் பகுதிக்குள் விடவே கூடாது.

விதிகளை மறுபடி அடுக்கியது

எண்களைத் திருத்துவதால் பயனில்லை. ஓட்டத்தையே பிரிக்க வேண்டும். கிளிப்ஸில் விதிகளுக்கு முன்னுரிமை எண் கொடுக்கும் வசதி உண்டு, −10000 முதல் 10000 வரை. அதை வைத்துப் பாதுகாப்பு விதிகளை முன்னே தள்ளலாம் என்று தோன்றும். நூறு விதிகளைத் தாண்டியதும் யார் எதற்கு முன் என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும் என்று வைப்பதே நிலைக்கும்.

முதல் கட்டம் அபாயக் குறிகள். இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, இரவு வியர்வை, 3 வாரத்துக்கு மேற்பட்ட இருமல். உதடு, நாக்கு, முகம் வீங்குவதும் இங்கேதான் வர வேண்டும், ஏ.சி.இ. தடுப்பான் எடுப்பவருக்கு அது மூச்சை அடைக்கும் வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம். ஒன்று பொருந்தினாலும் மூலிகைக் கட்டங்களின் கதவு பூட்டப்படும்.

இரண்டாவது கட்டம், எடுக்கும் மருந்தே காரணமா என்று பார்ப்பது. மூலிகை அமைப்புகள் பெரும்பாலும் விட்டுவிடும் கட்டம் இதுதான். இருமலுக்கு ப்ரில் மருந்துகள், மலச்சிக்கலுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் ஓபியாய்டு வலிநிவாரணிகளும், கால் வீக்கத்துக்கு அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து, நெஞ்செரிச்சலுக்கு வலி மாத்திரைகள். பத்துப் பதினைந்து வரி அட்டவணைதான். அது தடுக்கும் தவறுகள் அதிகம்.

மூன்றாவது கட்டம் தடைகள். இங்கே எண் கிடையாது. ஒவ்வொரு மூலிகையும் தடையா, இல்லையா என்ற இரண்டே நிலை. தடை என்றால் பக்கத்தில் காரண வாக்கியம் ஒன்று கட்டாயம். காலத்தையும் இந்தக் கட்டம் பார்க்க வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். சைக்ளோஸ்போரின், வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. மருந்துகள் சில ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் இறங்கும். நிறுத்திய பிறகும் அந்த விளைவு ஏறத்தாழ 2 வாரம் நிற்கும். ‘இப்போது எடுக்கிறீர்களா’ என்று மட்டும் கேட்கும் விதி இங்கே தோற்றுவிடும். ‘கடந்த ஒரு மாதத்தில்’ என்று கேட்பது நல்லது.

நான்காவது கட்டத்தில்தான் உறுதிக் காரணிகள் வருகின்றன. தடையைத் தாண்டி மிஞ்சியவற்றுள் எது முதலில் என்று வரிசைப்படுத்த மட்டும் அவை. ஒரே தொண்டையின் குறிகளை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரே எண் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, சொல்லும் கட்டம். அளவு, நாள்கள், நிறுத்தும் குறி மூன்றும் இல்லாமல் எந்தப் பதிலும் வெளியே போகக் கூடாது. இசப்கோல் என்றால் 5 கிராமுக்குக் குறைந்தது 150 மில்லி தண்ணீர் என்பதும் அளவின் பகுதிதான். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது மூன்றாவது கட்டத்திலேயே நின்றிருக்க வேண்டும். நிலாவரை என்றால் இரவில் ஒரு வேளை, ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், பலன் தெரிய 8 முதல் 12 மணி நேரம் ஆகும். இந்த நேரத்தைச் சொல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் இன்னொரு வேளை போட்டுக்கொள்வார்கள். பெப்பர்மின்ட் எண்ணெய் குடலில் கரையும் உறையிட்ட மாத்திரையாக இருந்தால் கடிக்கவோ, அமிலமுறிவு மருந்தோடு சேர்த்து எடுக்கவோ கூடாது. உறை வயிற்றிலேயே கரைந்து நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும்.

அதே வழக்கு, புதிய பதில்

அதே பதிவை மறுபடி கொடுத்தால் முதல் கட்டத்திலேயே 4 வார இருமல் பிடிபடுகிறது. ஆனாலும் இரண்டாவது கட்டத்தின் கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது நல்லது; மருத்துவரிடம் போகும்போது கையில் ஒரு தகவலோடு போகலாம். ‘மாத்திரையைத் தொடங்கி எத்தனை நாள்? இருமல் அதற்கு முன்பா, பின்பா?’ என்று அமைப்பு கேட்கிறது. அட்டையைப் பார்த்துப் பெயரைப் பதியச் சொல்கிறது. பிறகு வரும் பதில்:

“இப்போது மூலிகை எதுவும் பரிந்துரைக்கவில்லை. இருமல் 3 வாரத்தைத் தாண்டிவிட்டது. மருத்துவர் பார்க்க வேண்டும். நீங்கள் எடுக்கும் எனலாப்ரில் சிலருக்கு இப்படிப்பட்ட வறட்டு இருமலைத் தரும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு போய், இருமல் எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். அதிமதுரம் வேண்டாம்: அது பிரஷரை ஏற்றும், உங்கள் மாத்திரையில் உள்ள நீர் மருந்தோடு சேர்ந்து பொட்டாசியத்தைக் குறைக்கும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.”

அதிமதுரத்தின் பெயரைச் சொல்லியே மறுப்பது வேண்டுமென்றே செய்தது. இருமல் என்றதும் மனத்தில் முதலில் வரும் மூலிகைகளில் அது ஒன்று. அமைப்பு சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்வார்கள்.

சோதனை

இந்த வழக்கு தேறியதால் அமைப்பு தேறிவிடாது. ஒவ்வொரு வழக்கிலும் ஒரே ஒரு தகவலை மட்டும் மாற்றி இணை வழக்குகள் எழுத வேண்டும். மாத்திரையை அம்லோடிபின் என்று மாற்றுங்கள்: மருந்துக் காரணம் மறைய வேண்டும், அதிமதுரத் தடை நிற்க வேண்டும். லோசார்டன் என்ற வேறொரு பிரஷர் மருந்தாக மாற்றினாலும் அப்படியே. பிரஷரும் மாத்திரையும் இல்லை, இருமல் 5 நாள் என்று மாற்றினால்தான் அதிமதுரம் வரலாம்; அப்போதும் நாள் கணக்கோடு. ‘தெரியாது’ என்று மாற்றினால் தடை நிற்க வேண்டும். இருமல் 20 நாள், 21 நாள், 22 நாள் என்று மூன்று வழக்குகள். எல்லையில் ‘மேல்’ என்பதும் ‘அல்லது மேல்’ என்பதும் குழம்புவது இங்கேதான் அகப்படும். தேன் சேரும் எந்தப் பதிலுக்கும் 11 மாதக் குழந்தை, 13 மாதக் குழந்தை. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிச நஞ்சு உண்டாகும் ஆபத்து உண்டு.

பிறகு தலைகீழாக ஒரு சோதனை: தடை விதிகளையும் தடை நீக்கும் விதிகளையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு எல்லா வழக்குகளையும் ஓட்டுங்கள். ஒரு விதியை நீக்கியும் ஒரு வழக்குகூடத் தோற்கவில்லை என்றால், அந்த விதியைச் சோதிக்க வழக்கே இல்லை என்று பொருள். விதி 31 போன்றவை இதில்தான் வெளிப்படும். பயனர் சாதாரணப் பேச்சில் எழுதுவதைத் தகவலாக மாற்ற மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) ஒன்றை முன்னால் வைத்தால், அது எடுத்த ஒவ்வொரு தகவலையும் பயனரிடம் திருப்பிக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே நினைவகத்தில் ஏற்ற வேண்டும். ‘பிரஷர் மாத்திரையை விட்டு ரெண்டு நாளாச்சு’ என்று ஒருவர் எழுதியதை ‘மருந்து: இல்லை’ என்று அது எடுத்துக்கொண்டால், கீழே உள்ள விதிகள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தும் பயனில்லை.